ஓதச் சுவரும் பொங்கல் பெயின்ட்டும்

அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் வடலூர், நெய்வேலிப் பக்கத்து வீடுகளில் சாமான்களை நகர்த்தும் வேலை தொடங்கும். பொங்கல் வருகிறது, அடுத்தாற்போல் தைப்பூசம். அன்று வடலூர் சத்திய ஞானசபையில் நடக்கும் ஜோதி தரிசனத்துக்கு உறவினர்கள் வந்து தங்குவார்கள். பீரோவை இழுத்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பரணில் இருந்த சூட்கேஸின் அடியில் சாம்பல் நிறப் பொடி. படுக்கையறை மூலையில், கூரையும் சுவரும் சேரும் இடத்தில், பச்சையும் கறுப்புமாகப் படர்ந்த திட்டு. துடைப்பத்தால் தட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்ததும் அறை புதிதாகிவிடுகிறது. வெயில் ஏறி சித்திரை பிறப்பதற்குள் பெயின்ட் கொப்புளம் விட்டுவிடும். அடுத்த கார்த்திகையில் அதே மூலையில் அதே புள்ளிகள்.

வருடம் தவறாமல் வரும் இந்தச் செலவைத் தவிர்க்க முடியும். பூசணம் பூத்த சுவரில் தண்ணீர் இருக்கிறது. அது எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்து முதலில் அடைக்க வேண்டும். பிறகுதான் துடைக்க வேண்டும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். பல வீடுகளில் முதல் வேலையும் மூன்றாவது வேலையும் இடம் மாறிவிடுகின்றன.

சுவர் குடிக்கும் தண்ணீர்

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. 2015 நவம்பரில் ஒரே 24 மணி நேரத்தில் மட்டும் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஓடுகளும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளும் பறந்து, பல வீடுகளின் உட்சுவர்கள் நேரடியாகவே மழையில் நனைந்தன.

நனைந்த செங்கல் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? சாதாரணச் சூளைச் செங்கல் 24 மணி நேரம் ஊறினால் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர விதியே அனுமதிக்கிறது. அப்படியானால் 3 கிலோ செங்கல் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். பத்துக்குப் பத்து அடியில் எழுப்பிய ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய ஆயிரம் செங்கல் இருக்கும். அதில் கால் பங்கு ஊறினாலும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்தச் சுவருக்குள் நிற்கிறது என்று பொருள்.

உள்ளே போன வேகத்தில் அது வெளியே வராது. ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு அது குறையும். ஆனால் மார்கழிப் பனியிலும் மூடிய சன்னல்களுக்குள்ளும் பெரிதாகக் குறைந்துவிடாது. கார்த்திகையில் ஊறிய சுவர் பொங்கலுக்குத் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும்; உள்ளே ஈரம் அப்படியேதான் இருக்கும்.

பூசணத்துக்கு என்ன வேண்டும்?

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதந்துகொண்டே இருக்கும் அவற்றை ஒட்டுமொத்தமாக விரட்டுவது யாராலும் ஆகாது. அவை முளைக்க உணவும் வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். உணவுக்குப் பஞ்சமில்லை: சுவரில் படிந்த தூசு, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, பிளைவுட், அட்டைப்பெட்டி, எமல்ஷன் பெயின்ட்டைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் தாவர நார்ப்பொருள் என எதையும் பூசணம் தின்னும். வெதுவெதுப்பு தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. நம் கையில் மிச்சமிருப்பது ஈரம் ஒன்றுதான்.

நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது என்பதும், அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவுகள். வடலூரில் ஐப்பசி, கார்த்திகைக் காலை வேளைகளில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். இரண்டாவது அளவைப் பருவமழையில் எட்டுவது நமக்குக் கடினம் என்பதால் முதல் அளவை விட்டுவிடவே கூடாது.

கறுப்பெல்லாம் பூசணம் ஆகாது

துடைக்கும் முன் கறை எது என்று பார்த்துவிட வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, விரல் பட்டால் பொடியாக உதிர்வது உப்பு. செங்கல்லிலும் மண்ணிலும் இருக்கும் உப்பை நீர் கரைத்துக் கொண்டுவந்து, தான் ஆவியாகும்போது சுவர் மேல் விட்டுச் செல்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறைந்துவிடும். வெள்ளைப் பூசணம் கரையாது, நனைந்து படியும்.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கும் பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு. சன்னல் ஓரத்திலும் காற்றாடிக்கு மேலே கூரையிலும் படியும் கரித்தூசு தொலைவிலிருந்து பார்த்தால் கறுப்புப் பூசணம் போலவே தெரியும். துணி துவைக்கப் பயன்படும் பிளீச் திரவத்தைத் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு வைத்தால் விடை கிடைக்கும். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூசணம். கறுப்பு அப்படியே நின்றால் தூசு அல்லது புகைக்கறை. ஓதமும் புழுங்கிய மண் வாசனையும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தண்ணீர் வரும் நான்கு வழிகள்

முதல் வழி மாடி. கூரையில் வட்ட வட்டமாகப் பழுப்புக் கறை, சுவரின் மேல் மூலையில் பூசணம் என்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். தளத்தின் நடுவைவிட ஓரங்கள்தான் அதிகம் ஏமாற்றும்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம், மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் பகுதி. கொத்தனார்கள் மழைநீர்க் குழாயை அடைத்து, மாடியில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்பார்கள். தட்டோடு பெயர்ந்த இடமும் விரிசலும் கீழே ஈரமாகக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது வழி தரை. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு போடாத பழைய வீடுகளில் மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே இடுப்புயரம் வரை ஏறும். அங்கே பூசணத்தைவிட உப்பும் பெயர்ந்த பூச்சும்தான் அதிகம் தெரியும். இதில் தெருவுக்கும் பங்கு உண்டு. சாலையின் மேல் சாலையாகப் போட்டு உயர்த்தியதால் வீட்டின் தரை தெருவைவிடத் தாழ்ந்து, மழைநீர் வாசல் சுவரையே ஒட்டி நிற்கும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். பழைய தார்த்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது இதற்காகத்தான். தங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும் நாளில் அதைக் கேட்டு வாங்குவது குடியிருப்போரின் உரிமை.

மூன்றாவது வழி, சுவருக்குள் புதைத்த குழாய். மழையே இல்லாத வைகாசியிலும் குளியலறைக்குப் பின்சுவர் ஈரமாக இருந்தால் கசிவது குழாயோ, தரை ஓடுகளுக்கு இடையே உள்ள இணைப்போ. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், காலையில் மட்டம் இறங்கியிருப்பதைக் கொண்டு கசிவை உறுதி செய்யலாம்.

நான்காவது வழி காற்று. யாரும் சந்தேகப்படாதது இதுதான். மழைக்காலத்தில் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் ஒரு வாளித் துணியிலிருந்து இரண்டு லிட்டர் அளவுக்கு நீர் காற்றில் கலக்கிறது. குக்கர் ஆவி, வெந்நீர்க் குளியல் எல்லாம் அதனுடன் சேரும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராகப் படியும். ஏ.சி.யை 20 டிகிரியில் வைத்துத் தூங்கும் அறையின் சுவர், பக்கத்து அறையின் பக்கமும் குளிர்ந்துதான் இருக்கும். ஏ.சி. இல்லாத அந்த அறையில் பூசணம் பூப்பதன் மர்மம் இவ்வளவுதான். வெளிச்சுவரை ஒட்டி அணைத்து வைத்த பீரோவின் பின்னால் காற்று ஓடாததால் அங்கேயும் ஈரம் தங்கும். நான்கு விரற்கடை இடைவெளி விட்டால் போதும்.

வழி எது என்று புரியாதபோது செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஈரமுள்ள இடத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு, காற்று புகாமல் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மாடியையோ தரையையோ குழாயையோ தேட வேண்டும். அறையைப் பார்த்த வெளிப்பக்கம் ஈரமானால் குற்றவாளி அறைக் காற்று. சன்னலும் எக்சாஸ்ட் விசிறியும் அதற்கு மருந்து.

சுண்ணாம்பு செய்த வேலை

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். வள்ளலார் வடலூரில் 1867-இல் தருமசாலையையும் 1872-இல் சத்திய ஞானசபையையும் நிறுவிய காலத்தில் இந்தப் பக்கம் கட்டடம் என்றாலே செங்கல்லும் சுண்ணாம்பும்தான். புதிதாக நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். அளவில் 12-க்கு மேல். அந்தக் காரத்தில் பூசணம் வாழ முடியாது. நாளாக ஆகக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பு கல்லாக மாறி, காரம் குறையும். ஓராண்டில் அடுத்த பொங்கல் வந்துவிடும். மறுபடி ஒரு கோட் ஏறும். மழைக்காலம் முடிந்த கையோடு ஊர் முழுக்க நடந்த பூசண ஒழிப்பு வேலை அது.

சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஈரச் சுவரிலும் பிடிக்கும். பிடித்த பிறகும் சுவரின் ஈரம் ஆவியாகி வெளியேற வழிவிடும். எமல்ஷனும் அக்ரிலிக் பட்டியும் சுவர் மேல் தோலாகப் படிபவை. உள்ளிருக்கும் நீராவி வெளியேற முடியாமல் அந்தத் தோலைத் தள்ளுவதால்தான் சித்திரைக்குள் கொப்புளம் வருகிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி நெய்வேலி நகரியம் எழுந்த காலத்துக்குப் பிறகு இந்தப் பகுதியின் வீடுகள் சிமென்ட்டுக்கு மாறின. பிற்பாடு பெயின்ட்டும் மாறியது. பொருள் மாறியும் பெயின்ட் அடிக்கும் மாதம் மட்டும் மாறவில்லை. சுண்ணாம்புக்கு ஏற்ற தை மாதம் எமல்ஷனுக்கு ஏற்றதல்ல.

பூஞ்சைக்கு எதிரான மருந்தில் சுண்ணாம்பு சேர்வது பண்ருட்டி வட்டாரத்து விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. 1885-இல் பிரான்ஸில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் திராட்சைக் கொடிகளுக்காக உருவாக்கிய போர்டோ கலவை, சுண்ணாம்பும் மயில்துத்தமும் சேர்ந்ததுதான். அதே பிரான்ஸில் லாஸ்கோ குகையின் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் இன்னொரு பாடம் வைத்திருக்கின்றன. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் பாசி பிடித்ததால் 1963-இல் குகை மூடப்பட்டது. காற்றுப் பதன அமைப்பைப் புதிதாக மாற்றிய பின், 2001-இல் வெள்ளைப் பூசணம் வேகமாகப் பரவியது. தரையில் சுட்ட சுண்ணாம்பைப் பரப்பினார்கள், கிருமிநாசினிகள் தெளித்தார்கள். வெள்ளைப் பூசணம் அடங்கிய சில ஆண்டுகளில் கறுப்புப் பூசணம் தலைகாட்டியது. உலகின் தலைசிறந்த நிபுணர்கள் காவல் காக்கும் சுவரிலேயே ஈரமும் காற்றும் சரியாகாமல் மருந்து மட்டும் பலிக்கவில்லை.

துடைக்கும் முறை

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருக்கும் திட்டை வீட்டாரே சுத்தம் செய்யலாம். அதைவிடப் பெரிதானால், அல்லது சாக்கடை கலந்த வெள்ளநீர் ஏறிய சுவரானால், பழகிய ஆட்களை வைத்துச் செய்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்த அறைப் பக்கம் வரக் கூடாது.

என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். சன்னலைத் திறந்துவைத்து, காற்றாடியை நிறுத்திவிட வேண்டும். ஓடும் காற்றாடி வித்துகளை வீடு முழுக்கப் பரப்பும். துடைப்பத்தால் தட்டுவதும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும் அதே தவறுதான். முதலில் ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்துத் திட்டின் மேல் மெல்லத் தெளித்து நனைக்க வேண்டும். பிறகு நைலான் பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்த்து, பழைய துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். நல்ல தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியால் ஒருமுறை துடைத்த பிறகு மேசைக் காற்றாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிடலாம். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம்.

கறை விடவில்லை என்றால் பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு 16 பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. பிளீச்சையோ பிளீச்சிங் பவுடரையோ கழிவறை ஆசிட்டுடனோ வினிகருடனோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்துடன் கலந்தாலும் நச்சுவாயுதான். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகரைத் தனியாகவும் சுண்ணாம்புச் சுவரில் பயன்படுத்த வேண்டாம். அமிலம் சுண்ணாம்பை அரித்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் காயவிட்டால் பூசணம் திரும்பி வருவது தாமதமாகும். குழந்தைகள் வாயில் வைக்காதபடி அதை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

சில பொருள்களைத் துடைத்துப் பயனில்லை. ஊறிப்போன ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், உப்பிய பிளைவுட், பஞ்சு மெத்தை, அட்டைப்பெட்டி ஆகியவற்றில் பூசணம் உள்ளே வரை இறங்கியிருக்கும். அவற்றை எடுத்துவிடுவதே வழி. கையால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும் சிமென்ட் பூச்சையும் கொத்தி எடுத்து, உள்செங்கல்லைக் காயவிட்டுத்தான் மறுபூச்சுப் பூச வேண்டும்.

மூச்சில் கலப்பது

ஓதமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா தீவிரமாதல் ஆகியவை கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இவ்வளவு பூசணம் இருந்தால் பரவாயில்லை என்று எந்தப் பாதுகாப்பான அளவையும் அது குறிப்பிடவில்லை. ஈரத்தைத் தடுப்பதே தீர்வு என்றது. எந்த வகைப் பூஞ்சை என்று ஆய்வகத்தில் சோதிக்கவும் பொதுவாகத் தேவையில்லை. எதுவானாலும் அகற்ற வேண்டியதுதான்.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோயோடு சுவரின் கறுப்புப் பூசணத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. அந்த நோயை உண்டாக்கிய பூஞ்சைக் குடும்பம் வேறு. அழுகிக் கறுத்த தசையைப் பார்த்து வந்த பெயர் அது. ஆனால் கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று சிகிச்சை என நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு எந்தப் பூசணச் சுவரும் நல்லதல்ல.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுச் சுவர்களின் பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பெற்றோர் பலமுறை புகார் செய்தும் ஓதத்துக்கான காரணம் சரிசெய்யப்படவில்லை. சமூகக் குடியிருப்புகளில் ஓதப் புகாரைக் குறித்த காலத்துக்குள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும் என்று அந்தக் குழந்தையின் பெயரால் அங்கே சட்டமே வந்தது. நம் ஊரில் வாடகைக்கு இருப்பவர் ஓதத்தைப் பற்றிச் சொன்னால், வீட்டுக்காரர்கள் அதைப் பெயின்ட் விஷயமாக நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது. அந்த அறையில் படுப்பது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

மாதம் பார்த்துச் செய்யும் வேலை

மழைக்கு முந்தைய புரட்டாசிதான் மாடிக்கு உரிய மாதம். மழைநீர்க் குழாயில் அடைத்த சருகை எடுத்து, தட்டோட்டுச் சந்துகளைப் பூசி, சன்ஷேடின் மேல் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மழை மாதங்களில் வெயில் தலைகாட்டும் மத்தியான வேளையில் எதிரெதிர் சன்னல்களையும் பீரோக் கதவுகளையும் திறந்துவைத்தால் போதும். சமைக்கும்போதும் குளித்த பிறகு சற்று நேரமும் எக்சாஸ்ட் விசிறி ஓட வேண்டும்.

தை மாதம் சுத்தம் செய்வதற்கு. பண்டிகைக்குச் சுவர் வெளுப்பாக இருந்தே ஆக வேண்டும் என்றால், பெயின்ட் ஏறாத சுவருக்குப் பழைய சுண்ணாம்பையே ஒரு கோட் அடிக்கலாம். எமல்ஷன் ஏற்கெனவே இருக்கும் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதைத் துடைத்துக் காயவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டியும் புது பெயின்ட்டும் பங்குனி வரை பொறுக்கட்டும். அதற்குள் மாசி வெயில் சுவரை உலர்த்தியிருக்கும். பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். பெயின்ட்டருக்கும் பங்குனியில் பொங்கல் நேரத்து நெருக்கடி இருக்காது. ஒரு கோட் காய்ந்த பிறகு அடுத்த கோட் அடிக்கும் அவகாசமும் அப்போதுதான் அவருக்குக் கிடைக்கும்.